மெட்ஃபார்மினுக்குப் பிறகு எந்த மாத்திரை? 66 வயது, எச்பிஏ1சி 8.1, சிறுநீரில் புரதம்

பொருநைக்கரை (கேள்வி)

வணக்கம். அம்மாவுக்கு 66 வயது. எடை 54 கிலோ, உயரம் 150 செ.மீ. சுகர் வந்து 11 வருடம் ஆகிறது.

போன வார ரிசல்ட்: வெறும் வயிற்றில் 138, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து 236, எச்பிஏ1சி 8.1, கிரியேட்டினின் 1.15, இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 52, சிறுநீர் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் 260. எக்கோ நார்மல். மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை.

இப்போது போடுவது: கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 சேர்ந்த கூட்டு மாத்திரை காலை 1, இரவு 1. பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் 40. கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டின் 10.

காலை 8 மணிக்கு மாத்திரையும் 3 இட்லியும். மதியச் சாப்பாடு 1.30க்கு. இந்த மாதம் இரண்டு தடவை 11.30, 12 மணி வாக்கில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டிவிட்டது. குளுக்கோமீட்டரில் ஒரு தடவை 62, இன்னொரு தடவை 58. அந்த 58 வந்த அன்று சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்து 20 நிமிடம் கழித்துப் பார்த்தபோதும் 61தான். வெள்ளிக்கிழமை ஒருபொழுது இருப்பார்.

ஒரு டாக்டர் இதே கூட்டு மாத்திரையை நாளைக்கு மூன்றாக ஆக்கலாம் என்கிறார். இன்னொருவர் டாபாகிளிஃப்லோசின் 10 சேர்க்கச் சொல்கிறார். தெரிந்தவர்கள் சிட்டாகிளிப்டின்தான் பக்கவிளைவே இல்லாதது என்கிறார்கள். டாபா சிறுநீரகத்தைக் கெடுக்கும், நீர்க்கடுப்பு வரும் என்றும் கேள்விப்பட்டோம். மூன்றில் எது எவ்வளவு குறைக்கும், எதில் என்ன ஆபத்து? முடிவு டாக்டரிடம்தான். அங்கே போய் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

உள்மருத்துவம்

மூன்று யோசனைகளையும் எடைபோடும் முன்னால், 8.1 என்ற எண்ணையும் 58 என்ற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எச்பிஏ1சி 8.1 என்றால் மூன்று மாதச் சராசரி ஏறத்தாழ 186. சராசரி அவ்வளவு உயரத்தில் இருக்கும்போதே முற்பகலில் 58க்கு இறங்குகிறது. அப்படியென்றால் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றத்தைப் பிடிக்க மருந்து போதவில்லை, அதே சமயம் வயிறு காலியாகும் வேளையில் ஒரு மருந்து அளவுக்கு மீறி இறக்குகிறது. இறக்குவது கிளிமிபிரைடு. கூட்டு மாத்திரையை மூன்றாக்கினால் நாளைக்கு 4 மி.கி. இருப்பது 6 ஆகும். 4 மி.கி.க்கு மேல் அந்த மருந்தில் கிடைக்கும் கூடுதல் பலன் சொற்பம். கூடுவது லோ சுகர் ஆபத்துதான். அந்த யோசனையை ஒதுக்கிவிடலாம்.

காரணம் இது. கிளிமிபிரைடு சேர்ந்த சல்ஃபோனைல்யூரியா குடும்பம் கணையத்தை நேரடியாகத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. ரத்தத்தில் 250 இருக்கிறதா 70 இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. சிட்டாகிளிப்டின் போன்ற டிபிபி-4 மருந்துகளும் இன்சுலினைக் கூட்டத்தான் செய்கின்றன. ஆனால் சர்க்கரை ஏறியிருக்கும்போது மட்டும். இறங்கியதும் அந்தத் தூண்டல் தானாக அடங்கிவிடும். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று 2019இல் வெளிவந்த கரோலினா ஆய்வு நேருக்கு நேர் காட்டியது. 6,000 பேருக்கு மேல், 6 ஆண்டுகளுக்கு மேல், ஒரு பக்கம் கிளிமிபிரைடு, மறு பக்கம் டிபிபி-4 வகையைச் சேர்ந்த லினாகிளிப்டின். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் இரண்டு பக்கமும் 12 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. ஆனால் ஒரு முறையாவது லோ சுகர் வந்தவர்கள் கிளிமிபிரைடில் 37.7 சதவீதம், லினாகிளிப்டினில் 10.6. சிறுநீரகம் 52இல் இருக்கும் ஒருவருக்கு கிளிமிபிரைடின் எச்சங்கள் வெளியேறத் தாமதமாகும், அதனால் இறக்கம் வந்தால் நீண்டு நிற்கும்.

இப்போது திறன். எச்பிஏ1சி எவ்வளவு குறையும் என்று தோராயமாகச் சொன்னால் மெட்ஃபார்மின், சல்ஃபோனைல்யூரியா இரண்டும் 1 முதல் 1.5 வரை. பையோகிளிட்டசோன் 1 சுற்றி. டிபிபி-4 மருந்துகள் 0.5 முதல் 0.8. டாபாகிளிஃப்லோசின் வகையும் கிட்டத்தட்ட அதே அளவு, ஆனால் சிறுநீரகம் நன்றாக இருந்தால் மட்டும். ஜிஎல்பி-1 ஊசிகள் 1 முதல் 1.5, அதற்கும் மேல். தொடங்கும்போது எண் எவ்வளவு அதிகமோ அவ்வளவு அதிகம் குறையும். ஆகவே 10இல் இருந்தவருக்கு 2 குறைந்தது என்று கேட்டு அதே மருந்து 8.1க்கும் 2 குறைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

2022இல் வந்த கிரேடு ஆய்வும் இங்கே உதவும். மெட்ஃபார்மினோடு நான்கு மருந்துகளில் ஒன்றைச் சேர்த்து 5,047 பேரைச் சராசரியாக 5 வருடம் பார்த்தார்கள். எச்பிஏ1சியை 7க்குக் கீழே நிறுத்துவதில் கிளார்ஜின் இன்சுலினும் ஜிஎல்பி-1 ஊசியான லிராகுளுட்டைடும் முன்னால், கிளிமிபிரைடு நடுவில், சிட்டாகிளிப்டின் கடைசி. ஆனால் இன்னொருவர் உதவி தேவைப்படும் அளவுக்குக் கடுமையான லோ சுகர் கிளிமிபிரைடில் 2.2 சதவீதம் பேருக்கு, சிட்டாகிளிப்டினில் 0.7. இதில் டாபா குடும்பம் கிடையாது.

உங்கள் பதிவில் யாரும் கவனிக்காமல் விட்டது மெட்ஃபார்மின் அளவு. நாளைக்கு 1000 மி.கி. மட்டும் போகிறது. இஜிஎஃப்ஆர் 45க்கு மேல் இருக்கும்வரை 2000 வரை போகலாம். 45க்குக் கீழே இறங்கினால் 1000க்குள் நிறுத்த வேண்டும், 30க்குக் கீழே நிறுத்தியே விட வேண்டும். 52இல் இடம் இருந்தும் ஏற்றப்படாமல் கிடக்கிறது என்றால் காரணம் கூட்டு மாத்திரை. மெட்ஃபார்மினை ஏற்ற நினைத்தால் கிளிமிபிரைடும் கூடவே ஏறும். நம் ஊரில் ரொம்பப் பேர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டையும் பிரித்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு, வாரத்துக்கு 500 மி.கி. வீதம் ஏற்றினால் வயிற்றுப்போக்கும் குமட்டலும் பெரும்பாலும் வராது. 1500இல் நிறுத்துவதும் நியாயமே, 52 என்பது 45க்கு அவ்வளவு தூரம் இல்லை.

டாபாகிளிஃப்லோசின் பற்றி. உங்கள் அம்மாவுக்கு அதைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் 8.1 இல்லை, அந்த 260. சிறுநீரில் ஆல்புமின் 30க்குள் இருக்க வேண்டியது 260 என்றால் சிறுநீரகம் ஒழுக ஆரம்பித்துவிட்டது. 2020இல் வந்த டாபா-சிகேடி ஆய்வில் இஜிஎஃப்ஆர் 25 முதல் 75, ஆல்புமின் விகிதம் 200 முதல் 5000 உள்ளவர்கள் 4,304 பேர் சேர்க்கப்பட்டார்கள். அம்மாவின் எண்கள் அந்த வரம்புக்குள் வருகின்றன. சிறுநீரகம் பாதிக்கு மேல் வீழ்வது, டயாலிசிஸ் நிலைக்குப் போவது, சிறுநீரக அல்லது இதய மரணம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 39 சதவீதம் குறைந்தது. சிட்டாகிளிப்டினுக்கு இப்படி ஒரு பலன் கிடையாது. அதன் பெரிய ஆய்வான டெகோஸில், 2015, 14,671 பேரில் அது இதயத்துக்குக் கெடுதல் செய்யவில்லை என்று நிரூபணமானது. நல்லதும் கூடுதலாகச் செய்யவில்லை.

சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்றால், ஆரம்பித்த 2 முதல் 4 வாரத்தில் இஜிஎஃப்ஆர் கொஞ்சம் இறங்கும். 52 இருந்தது 48 ஆகலாம். வடிகட்டியின் உள்ளே இருக்கும் அழுத்தம் குறைவதால் வரும் இறக்கம் அது, அந்த அழுத்தம் குறைவதுதான் நீண்ட காலத்தில் சிறுநீரகத்தைக் காக்கிறது. 30 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் மட்டும் காரணம் தேட வேண்டும். அந்தச் சின்ன இறக்கத்தைப் பார்த்து பயந்து மாத்திரையை நிறுத்துவது பெரிய இழப்பு. ஆனால் ஒன்று, 52இல் இது சர்க்கரையை ரொம்பக் குறைக்காது. 45க்குக் கீழே போனால் சர்க்கரைக்கான பலன் மேலும் சுருங்கிவிடும், சிறுநீரகத்துக்கும் இதயத்துக்குமான பலன் மட்டும் தொடரும். ஒரு மாதம் கழித்து சுகர் குறையவில்லையே என்று அதைக் கைவிட வேண்டாம்.

ஆக டாக்டரிடம் கேட்க வேண்டியவை: கிளிமிபிரைடைப் பாதியாக்கி, முடிந்தால் பிறகு நிறுத்தலாமா, மெட்ஃபார்மினைத் தனியாக ஏற்றலாமா, சிறுநீரகத்துக்காக டாபா 10 தொடங்கலாமா, மூன்று மாதம் கழித்தும் எண் 7.5க்கு மேல் நின்றால் சிட்டாகிளிப்டினோ லினாகிளிப்டினோ சேர்க்கலாமா. இஜிஎஃப்ஆர் 45க்கு மேல் சிட்டாகிளிப்டின் 100 மி.கி., 30-45இல் 50, அதற்குக் கீழே 25. லினாகிளிப்டின் 5 மி.கி.க்கு இந்தக் கணக்கு கிடையாது. டெல்மிசார்ட்டன் 40ஐ ஏற்ற பிரஷர் இடம் கொடுக்குமா என்றும் கேளுங்கள், ஒழுகலுக்கு அதுவும் முக்கிய மருந்து.

இலக்கை 6.5 என்று வைத்துத் துரத்த வேண்டாம். 2008இல் அக்கார்டு ஆய்வில் எச்பிஏ1சியை 6க்குக் கீழே கொண்டுவர மருந்துகளைக் குவித்த பிரிவில் மரணம் 22 சதவீதம் அதிகமானதால் அந்தப் பிரிவைப் பாதியில் நிறுத்தினார்கள். 66 வயதில், லோ சுகர் வருகிற ஒருவருக்கு 7 முதல் 7.5 நல்ல இடம்.

கிராமச்சுகாதாரம்

மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. ஆனால் படிப்பவர்கள் சல்ஃபோனைல்யூரியா என்றாலே விஷம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 45 வயதில், சிறுநீரகம் 90இல் இருக்கும், மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடும் ஒருவருக்குக் குறைந்த செலவில் 1 சதவீதத்துக்கு மேல் குறைக்கும் மருந்து அது. கரோலினாவில் இதய விஷயத்தில் அது தோற்கவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதே குடும்பத்து கிளிக்லசைடு எம்ஆர் வைத்துச் செய்த அட்வான்ஸ் ஆய்வில், 11,140 பேரில், சிறுநீரகப் பாதிப்பு 21 சதவீதம் குறைந்தது.

குடும்பத்துக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. கிளிபென்கிளமைடு மோசம், அதன் எச்சங்களும் சர்க்கரையை இறக்கும், சிறுநீரகத்தில் தேங்கும். 60 வயதுக்கு மேல் அது பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே குறிப்பு போட்டிருக்கிறது. கிளிக்லசைடில் இறக்கம் அதைவிடக் குறைவு. வீட்டில் வயதானவர் கிளிபென்கிளமைடு போடுகிறார் என்றால் எண் நன்றாக இருந்தாலும் அடுத்த தடவை டாக்டரிடம் மாற்றச் சொல்லிக் கேட்பது அவசியம்.

மருந்துக்கடைமேசை

திறனும் பாதுகாப்பும் பேசும் முன், மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படித்தீர்களா? முன்பக்கம் பெரிய எழுத்தில் இருக்கும் பிராண்ட் பெயருக்குப் பின்னால் வரும் ஓர் எண்ணோ எழுத்தோ எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஒரே பிராண்டில் 1, 2 என்று வரும் எண் கிளிமிபிரைடின் அளவு. பெயருக்குப் பின்னால் ஃபோர்ட் என்று வந்தால் பல பிராண்டுகளில் மெட்ஃபார்மின் 500க்குப் பதில் 1000. வி என்று ஓர் எழுத்து ஒட்டியிருந்தால் வோக்லிபோஸும், பி என்று ஒட்டியிருந்தால் பையோகிளிட்டசோனும் உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒவ்வொரு மாத்திரையிலும் என்னென்ன, எத்தனை மி.கி. என்று அச்சடித்திருக்கும். அதை மட்டும் நம்புங்கள். கண் தெரியவில்லை என்றால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இதைச் சொல்லக் காரணம் உங்கள் பதிவில் வந்த ஒரு வரி. 58க்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தும் 20 நிமிடத்தில் 61தான் என்கிறீர்கள். அவ்வளவு மெதுவாக ஏறியிருக்கக் கூடாது. அட்டையைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பொதுவாகச் சில. ஒரே குடும்பத்து மருந்து இரண்டு பெயரில் உள்ளே போவது அடிக்கடி நடக்கும் தவறு. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலோ கிடைத்த சல்ஃபோனைல்யூரியா ஒரு பக்கம், தனியார் டாக்டர் எழுதிய கிளிமிபிரைடு கூட்டு மாத்திரை இன்னொரு பக்கம், இரண்டையும் போட்டால் இறக்கம் உறுதி. வில்டாகிளிப்டின், சிட்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின், லினாகிளிப்டின் எல்லாம் ஒரே வேலை, இரண்டைச் சேர்த்துப் போட்டுப் பயனில்லை. ஜிஎல்பி-1 ஊசி போடுபவருக்கும் இவை வேண்டியதில்லை.

டிபிபி-4 வகையில் எது என்று கேட்டால், வில்டாகிளிப்டின் 50 மி.கி. காலை இரவு, தொடங்கும் முன்பும் முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் கல்லீரல் டெஸ்ட் பார்க்க வேண்டும். டெனிலிகிளிப்டின் 20 மி.கி. ஒரு வேளை, விலை குறைவு என்பதால் நிறைய எழுதப்படுகிறது, ஆனால் சிட்டாகிளிப்டினுக்கு டெகோஸ் இருப்பதுபோல ஒரு பெரிய இதய ஆய்வு அதற்கு இல்லை. சாக்ஸாகிளிப்டினில் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது 2.8 சதவீதத்திலிருந்து 3.5 ஆனது, 2013இல் சேவர் ஆய்வில். இதயம் பலவீனமானவருக்கு அது வேண்டாம். பக்கவிளைவே இல்லாதது என்று எதையும் சொல்ல முடியாது. இந்த வகையில் அரிதாகக் கணைய அழற்சி, கடுமையான மூட்டுவலி, வயதானவர்களுக்குத் தோலில் நீர்க்கொப்புளம் வரும். விடாத மேல்வயிற்று வலி முதுகுக்குப் பரவினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனை.

விலை இப்போது பழைய மாதிரி இல்லை. இந்தியாவில் டாபாகிளிஃப்லோசின் காப்புரிமை 2020இலும், சிட்டாகிளிப்டின் 2022இலும், டாபா வகையைச் சேர்ந்த எம்பாகிளிஃப்லோசின் 2025 மார்ச்சிலும் முடிந்தது. அதன் பிறகு பல கம்பெனிகள் இறங்கி விலை வெகுவாக விழுந்துவிட்டது. கடையில் மூலப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள், மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் விசாரியுங்கள். மூலப்பெயரும் மி.கி.யும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மெட்ஃபார்மின் எஸ்ஆர், எக்ஸ்ஆர், பிஆர் (மெதுவாக மருந்தை விடும் வகை) என்று இருந்தால் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. மருந்து கரைந்து போன வெறும் கூடு மலத்தில் முழு மாத்திரை மாதிரியே வரும், வேலை செய்யாமல் வெளியேறிவிட்டது என்று இன்னொன்று போட்டுவிடாதீர்கள். 11 வருடம் மெட்ஃபார்மின் போட்டவருக்கு பி12 ஒரு தடவை பார்க்க வேண்டும். பாத எரிச்சல் இருந்தால் அது சர்க்கரையால் மட்டும் என்று முடிவு கட்டிவிடுவார்கள், பாதிப் பங்கு பி12 குறைவாக இருக்கலாம். காண்ட்ராஸ்ட் ஊசி போட்டு சிடி எடுக்கச் சொன்னால் மெட்ஃபார்மின் போடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள். 52 இஜிஎஃப்ஆருக்கு அன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துக் கிரியேட்டினின் பார்த்த பிறகுதான் மறுபடி தொடங்குவார்கள்.

பொருநைக்கரை

அட்டையைப் பார்த்தேன் சார். நீங்கள் சொன்னதுபோலவே பெயருக்குப் பின்னால் ஒரு வி இருக்கிறது. பின்பக்கத்தில் கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. பிஆர், வோக்லிபோஸ் 0.2 மி.கி. காலை இரவு இரண்டுமே இதேதான். ஒரு வருடமாகப் போடுகிறார், வோக்லிபோஸ் இருப்பது எங்களுக்குத் தெரியாது.

இன்னும் இரண்டு. உறவினர் ஒருவர் பையோகிளிட்டசோன் நல்லது என்கிறார், அதைத் தடை செய்ததாக ஞாபகம். வாராந்திர ஊசி எடுத்துக்கொள்ளலாமா என்றும் வீட்டில் பேச்சு வந்தது. அப்புறம் அடுத்த மாதம் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் பேச்சு இருக்கிறது. டாபா தொடங்கலாமா?

மருந்துக்கடைமேசை

அப்படியானால் சர்க்கரைத் தண்ணீர் மெதுவாக ஏற்றியதற்குக் காரணம் கிடைத்தாயிற்று. வோக்லிபோஸும் அகார்போஸும் குடலில் சர்க்கரையை உடைக்கும் நொதிகளைத் தடுக்கின்றன. நாம் டீயில் போடும் சர்க்கரையும், வெல்லமும், சுக்ரோஸ். உடைந்தால்தான் ரத்தத்தில் ஏறும். இந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது உடைவது தாமதம், ஏறுவதும் தாமதம். குளுக்கோஸ் நேரடியாக ஏறும், அதற்கு உடைய வேண்டியதில்லை. கடையில் விற்கும் குளுக்கோஸ்-டி பொடி வாங்கி வையுங்கள், ஒன்று சமையலறையில், ஒன்று அம்மா வெளியே போகும் பையில். காலை 8 மணி வோக்லிபோஸ் 11.30க்கு எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், எப்போது இறங்கினாலும் குளுக்கோஸ்தான்.

வோக்லிபோஸ் தன்னளவில் நல்ல மாத்திரை. சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றத்தைக் குறைக்கும், தனியாகப் போட்டால் லோ சுகர் வராது, வாயுத் தொல்லைதான் முக்கியக் குறை. முதல் கவளத்துக்குச் சற்று முன் போட்டால்தான் வேலை செய்யும். சாப்பிட்டு முடித்துப் போட்டால் வீண்.

சர்க்கரைச்செவிலி

லோ சுகர் முறை: 70க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது தட்டையாக எடுத்த 3 டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். இன்னும் 70 தாண்டவில்லை என்றால் அதே அளவு மறுபடி. தாண்டியதும் 2 இட்லியோ ஒரு கரண்டி சாதமோ கட்டாயம், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். கிளிமிபிரைடால் வந்த இறக்கம் ஒரு நாள் வரை திரும்பத் திரும்ப வரலாம், அன்று இரவு படுக்கும் முன்பும், அதிகாலை 3 மணிக்கும் பார்க்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். 108ஐ அழைத்துவிட்டு ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். குத்தும் முன் கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலைக் குத்தினால் 110 இருப்பது 200க்கு மேல் காட்டும்.

ஒருபொழுது நாளில் காலை கிளிமிபிரைடு வேண்டாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள், அம்மாவின் அளவுக்கு டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே வேளை சாப்பாட்டுக்கு இரண்டு வேளை மாத்திரை போடுவதுதான் வெள்ளிக்கிழமைகளில் ஆபத்து.

டாபா தொடங்கினால்: நீர்க்கடுப்பைவிட பிறப்புறுப்பில் வரும் பூஞ்சை அரிப்புதான் அதிகம், பெண்களுக்கு முக்கியமாக. சிறுநீரோடு சர்க்கரை போவதால் பூஞ்சைக்குச் சாப்பாடு கிடைக்கிறது. ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்து ஈரமில்லாமல் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம், டெட்டால் எல்லாம் வேண்டாம். வந்தாலும் களிம்பிலோ ஒரு மாத்திரையிலோ அடங்கிவிடும். மிக அரிதாக அந்தப் பகுதி முழுவதும் வீங்கி, காய்ச்சலோடு கடுமையாக வலித்தால் அது அவசரம். சிறுநீரில் சர்க்கரை டெஸ்ட் இனி எப்போதும் நான்கு பிளஸ் காட்டும், அதைப் பார்த்து பயப்பட வேண்டாம். முதல் இரண்டு வாரம் எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால் பிரஷர் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல், சாப்பிடவே முடியாத நாள் என்றால் டாபா, மெட்ஃபார்மின் இரண்டையும் நிறுத்தி, டெல்மிசார்ட்டன் பற்றி டாக்டரிடம் கேட்டு, ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்து ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத் தொடங்க வேண்டும். டாபாவில் அரிதாகக் கீட்டோன் (கொழுப்பு எரியும்போது ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறும். அதன் வஞ்சனை என்னவென்றால் சர்க்கரை 180, 200 என்று சாதாரணமாகவே காட்டும். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் மூன்றும் சேர்ந்தால் மீட்டரை நம்பாமல் மருத்துவமனைக்குப் போய் டாபா போடுகிறோம் என்று வாய் திறந்து சொல்லுங்கள். சாதத்தை அடியோடு விடும் கீட்டோ டயட் இதோடு கூடவே கூடாது.

உள்மருத்துவம்

பையோகிளிட்டசோன்: 2013 ஜூனில் மத்திய அரசு நிறுத்திவைத்தது, ஜூலை முடிவில் எச்சரிக்கை வாசகங்களோடு மறுபடி அனுமதித்தது. முழுத் தடைக்கு உள்ளானது அதன் தம்பி ரோசிகிளிட்டசோன், 2010இல். 2007இல் அது மாரடைப்பைக் கூட்டுகிறது என்ற கணக்கு வெளிவந்து பெரிய கலக்கமானது. அதன் விளைவாகத்தான் 2008 முதல் புதிய சர்க்கரை மருந்து ஒவ்வொன்றும் இதயத்துக்குக் கெடுதல் செய்யாது என்று நிரூபிக்க வேண்டும் என அமெரிக்க மருந்துத் துறை விதி போட்டது. மேலே சொன்ன சேவர், டெகோஸ் போன்றவை அந்த விதியால் பிறந்தவை. எம்பாகிளிஃப்லோசின் கெடுதல் செய்கிறதா என்று பார்க்கப் போய், 2015இல் இதய மரணம் 38 சதவீதம் குறைகிறது என்று தெரிய வந்ததும் அப்படித்தான்.

உங்கள் அம்மாவுக்கு பையோகிளிட்டசோன் பரிந்துரைக்க மாட்டேன். சர்க்கரையைக் குறைக்கும், லோ சுகர் வராது, ஆனால் கால் வீக்கம், எடை, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு முறிவு. 54 கிலோ உள்ள 66 வயதுப் பெண் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதற்கு ஈடு கிடையாது.

வாராந்திர ஜிஎல்பி-1 ஊசி இதயத்துக்கும், 2024இல் வந்த ஃப்ளோ ஆய்வின்படி சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கிறது. ஆனால் உடல் பருமன் இல்லாதவருக்கு எடையோடு தசையும் கரையும், பசியும் போகும். அதோடு பித்தப்பைக் கல் இந்த ஊசிகளின் தெரிந்த பக்கவிளைவு. இப்போது பித்தப்பையே பிரச்சனையாக இருப்பதால் அதைத் தள்ளி வையுங்கள். பின்னால் எப்போதாவது யோசித்தால் முதலில் விழித்திரை பரிசோதனை. சர்க்கரை திடீரென்று இறங்கும்போது பழைய விழித்திரைப் பாதிப்பு மோசமாகலாம்.

ஆபரேஷனைப் பொறுத்தவரை, தேதி ஒரு மாதத்துக்குள் உறுதியானால் டாபாவை அது முடிந்த பிறகு தொடங்குவது எளிது. சிறுநீரகப் பாதுகாப்பு வருடக்கணக்கில் கிடைக்கும் பலன், ஒரு மாதம் தள்ளினால் நட்டமில்லை. ஏற்கெனவே தொடங்கிவிட்டால் ஆபரேஷனுக்கு 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும், முந்தின இரவு நிறுத்தினால் போதாது. நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் மறுபடி. கிளிமிபிரைடு விஷயம் மட்டும் ஆபரேஷன் வரை காத்திருக்கக் கூடாது. லோ சுகர் இரண்டாம் தடவை வந்துவிட்டது, இந்த வாரமே டாக்டரைப் பார்த்து அளவைக் குறைத்து, பிரித்து எழுதி வாங்குங்கள். போகும்போது அந்த அட்டையையும், தேதி நேரத்தோடு எழுதிய குளுக்கோமீட்டர் எண்களையும் கையில் எடுத்துப் போங்கள். 11.30 மணிக்கும் ஒரு வாரம் குத்திப் பார்த்து எழுதி வைத்தால் அவருக்கு முடிவெடுப்பது சுலபம்.